மூன்று பிள்ளைகள், ஒரே மேஜை: வீட்டுக்கல்விக்கு எந்தப் பாடத்திட்டம்?

அம்பத்தூரில் இருக்கும் என் சித்தி மகள் போன வாரம் போன் செய்தாள். மகனுக்குப் பதினொன்று, மகளுக்கு ஆறு. வரும் ஜூனிலிருந்து இருவரையும் வீட்டிலேயே படிக்க வைப்பது என்று அவளும் அவள் கணவரும் முடிவு செய்துவிட்டார்கள். "அக்கா, நீங்க என்ன பாடத்திட்டம் வெச்சிருக்கீங்க? அதையே நானும் வாங்கிடறேன்" என்றாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. "காலையில எத்தனை மணி நேரம் நீ ஒருத்தி மட்டும் ரெண்டு பேரோடயும் இருப்ப?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ஒன்பதரையிலேர்ந்து ஒரு மணி வரைக்கும்" என்றாள். மூன்றரை மணி நேரம். அதில் குக்கர், தண்ணீர் லாரி, வாசலில் கூரியர் என்று அரை மணி போய்விடும்.

மிஞ்சும் மூன்று மணி நேரத்தை வைத்துத்தான் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரே பிள்ளை என்றால் எந்தப் புத்தகம் நல்ல புத்தகம் என்று பார்த்தால் போதும். வயது வித்தியாசத்தோடு இரண்டு மூன்று பேர் இருந்தால், ஒருத்திக்கு நான் சொல்லிக்கொடுக்கும்போது மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கும் அந்தப் புத்தகத்தில் வழி இருக்க வேண்டும். குரோம்பேட்டையில் எங்கள் வீட்டில் மூன்று பேர். பெரியவளுக்கு 13, நடுவில் பையனுக்கு 9, கடைக்குட்டிக்கு 5. நான்கு வருடமாக வீட்டுக்கல்வி. இதில் எடுத்துப் பார்த்ததும் கைவிட்டதும் தக்கவைத்ததுமாகச் சேர்த்து அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சட்டத்தைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டுக்கல்வி என்ற பேச்சே அந்தச் சட்டத்தில் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, பள்ளியில் சேராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. நாளைக்கே மனம் மாறினாலும், வீட்டில் வேறு நிலைமை வந்தாலும், எட்டாவது வரைக்கும் திரும்பிப் போக வழி இருக்கிறது. தேதி போட்ட நோட்டுகளையும் வரைந்த படங்களையும் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று ஒரு தலைமையாசிரியருக்குக் காட்ட அது உதவும்.

பெரிய பிள்ளையின் பத்தாவதிலிருந்து பின்னோக்கி

பலர் சின்னப் பிள்ளைக்குப் புத்தகம் தேடுவதில் ஆரம்பிக்கிறார்கள். நான் பெரிய பிள்ளையின் பத்தாவது பரீட்சையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். அவள் எந்தப் பரீட்சை எழுதப்போகிறாள் என்பது முடிவானால், அடுத்த நான்கைந்து வருடம் அம்மாவின் நேரம் எங்கே போகும் என்று தெரிந்துவிடும். தம்பி தங்கைக்கு மிச்சமிருக்கும் நேரமும் அதிலிருந்துதான் வரும்.

சிபிஎஸ்இ இந்தக் கணக்கிலேயே வராது. வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளை முதல் தடவையாகப் பத்தாவதை நேரடியாக சிபிஎஸ்இ-யில் தனித்தேர்வராக, அதாவது எந்தப் பள்ளியிலும் சேராமல், எழுத முடியாது. சிபிஎஸ்இ பள்ளிகளில் வைக்கும் என்சிஇஆர்டி புத்தகங்களை வைத்துப் படிக்கலாம், ஆனால் பரீட்சை வேறு இடத்தில்தான். இது தெரியாமல் ஒன்பதாவது வரைக்கும் வந்து திகைத்து நின்ற பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

மிச்சம் மூன்று வழி. ஓப்பன் ஸ்கூல் என்று எல்லோரும் சொல்லும் என்ஐஓஎஸ், மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வர், பத்தாவதுக்கு இணையான சர்வதேசத் தேர்வான கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இ.

என்ஐஓஎஸ் 1989-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். பத்தாவதுக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடம் எடுத்தால் போதும், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். அந்த மொழி தமிழாகவே இருக்கலாம். கணக்கும் அறிவியலும் எல்லோருக்கும் கட்டாயமில்லை. ஓவியம், மனையியல், உளவியல் போன்றவையும் பாடமாக உண்டு. ஆனால் பிற்பாடு அறிவியல் பிரிவுக்குப் போக விரும்பும் பிள்ளை கணக்கையும் அறிவியலையும் விட்டுவிடக் கூடாது. ஒரு தடவை சேர்ந்தால் ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர் வாக்கிலும். ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஒரு தடவை இரண்டு, அடுத்த தடவை மூன்று என்று பிரித்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் ஒன்றுக்கு மேல் உள்ள வீட்டுக்கு இந்தக் கடைசி விஷயம் பெரிய உதவி. பெரியவள் பரீட்சைக்குப் படிக்கும் மாதங்களில் மற்ற இருவரும் கவனிப்பாரற்றுப் போகக் கூடாது. ஏப்ரலில் அவள் தமிழும் ஓவியமும் எழுதினால், எனக்கு அவளோடு உட்காரும் வேலை அதிகமிருக்காது. கணக்கும் அறிவியலும் அக்டோபரில் என்றால், ஜூலை முதல் செப்டம்பர் வரை காலை நேரத்தில் ஒரு மணி நேரத்தை அவளுக்கென்று ஒதுக்கிவிடலாம். என்ஐஓஎஸ் பாடநூல்களும் தனியாக உட்கார்ந்து படிக்கும் ஆளை மனதில் வைத்து எழுதியவை. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சின்னச் சின்னக் கேள்விகள், பாடத்தின் கடைசியில் அதற்கு விடைகள். 13 வயதுப் பிள்ளை நான் பக்கத்தில் இல்லாமலே முக்கால் மணி நேரம் அதோடு இருக்க முடிகிறது. நடை வறண்டது, படங்கள் அவ்வளவாகக் கவர்வதில்லை. இருந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காக அதை மற்ற இரண்டையும்விட மேலே வைக்கிறேன்.

மாநிலப் பாடத்திட்டத் தனித்தேர்வர் வழியில் முதல் படி எட்டாம் வகுப்புத் தேர்வு. பன்னிரண்டரை வயது நிறைந்த பிள்ளைகளுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் அதை நடத்துகிறது. சித்தி மகளின் பையனுக்கு இது ஒன்றரை வருடத்தில் கைக்கெட்டும் தூரம். ஒரு அரசுச் சான்றிதழ் சீக்கிரமே கையில் கிடைப்பது தாத்தா பாட்டிகளின் கவலையைக் குறைக்கும். எங்கள் வீட்டில் அது சின்ன விஷயமாக இருக்கவில்லை. அடுத்து பத்தாவது எழுதும்போது அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்து, சொல்லும் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். அந்தப் பதிவுத் தேதியைத் தவறவிட்டால் கஷ்டம். வீட்டில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு இந்த வழி நன்றாகப் பொருந்தும். ஆனால் இந்தப் பரீட்சை பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்தது. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை விடாமல் எழுதிப் பார்க்க வேண்டும், அதைத் திருத்த ஆள் வேண்டும், அந்த ஆள் நாம்தான்.

ஐஜிசிஎஸ்இ-யில் பாடங்கள் ஆழமானவை, கேள்விகள் யோசிக்க வைப்பவை. மே-ஜூன், அக்டோபர்-நவம்பர் தவிர இந்தியாவுக்கென்று மார்ச்சிலும் தேர்வு உண்டு. அறிவியலில் ஆய்வகம் இல்லாதவர்களுக்குச் செய்முறைக்குப் பதிலாக எழுத்துத் தாளும் இருக்கிறது. ஆனால் தனித்தேர்வர்களை ஏற்கும் தேர்வு மையத்தை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். கட்டணம் பாடத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியாக. ஒரு பிள்ளைக்குக் கட்டுவதை மூன்றால் பெருக்கிப் பார்த்த அன்றே நாங்கள் இந்த வழியை மூடிவிட்டோம். ஒரே பிள்ளையோ, வெளிநாட்டுப் படிப்பு என்று தெளிவாக முடிவெடுத்த வீடோ என்றால் கணக்கு மாறும்.

எந்த வழியில் போனாலும் ஒன்று. பொறியியல் கலந்தாய்வு போன்ற இடங்களில், 8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படித்ததற்கு ஆதாரம் இல்லாத பிள்ளைகளிடம் பிறப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கான காகிதங்களை இப்போதே ஒரு கோப்பில் சேர்க்கத் தொடங்குவது நல்லது.

புத்தகங்கள்: சமச்சீர், என்சிஇஆர்டி, கப்பலில் வந்த பெட்டி

பரீட்சைக்கு இன்னும் வருடங்கள் இருக்கும் பிள்ளைகளுக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் கட்டுப்படத் தேவையில்லை. இங்கேதான் ஆசை அதிகமாகிறது.

முதல் வருடம் அந்த ஆசையில் நானும் விழுந்தேன். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படிப்பதற்கென்றே தயாரித்தது என்று சொன்ன ஒரு அமெரிக்கப் பாடப்பெட்டியை வரவழைத்தோம். ஒரு மாத வீட்டுச் செலவு அதில் போனது. பெட்டியைத் திறந்தபோது பிள்ளைகளுக்கு இருந்த சந்தோஷம் உண்மையானது, அதை இன்றைக்கும் மறக்கவில்லை. ஆனால் கணக்கில் அங்குல அளவும் நிக்கல், டைம் என்ற நாணயங்களும். இயற்கைப் பாடத்தில் அக்டோபரில் இலை உதிர்ந்தது, டிசம்பரில் பனி பெய்தது. இங்கே அக்டோபரில் மழை பிடித்து, மொட்டைமாடித் தொட்டியில் தவளை கத்திக்கொண்டிருந்தது. பையன் ஜன்னலையும் புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். நான்கு மாதத்தில் பெட்டியைக் கட்டிப் பரணில் வைத்தேன்.

ஒன்றை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். வரலாறு, அறிவியல், கதை வாசிப்பு ஆகியவற்றை எல்லோரும் ஒன்றாகக் கேட்பது, வேலையை மட்டும் வயதுக்கேற்பப் பிரிப்பது, கணக்கையும் எழுத்துப் பயிற்சியையும் தனித்தனியாக வைத்துக்கொள்வது. இந்த முறைக்கு அந்தப் பெட்டி தேவையில்லை, மாநிலப் பாடத்திட்டமான சமச்சீர்ப் புத்தகத்தை வைத்தே செய்யலாம்.

சமச்சீர்க் கல்வி 2010-இல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் தொடங்கியது. இப்போது நம் கையில் இருப்பவை 2018-இலிருந்து மாற்றி எழுதப்பட்ட புத்தகங்கள். முன்பு பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்தவர்கள் இவற்றை ஒரு தடவை புரட்டிப் பார்க்க வேண்டும். எல்லாம் இணையத்தில் இலவசம். அச்சிட்ட புத்தகம் வேண்டுமென்றால் எல்லோரும் இன்னும் டிபிஐ வளாகம் என்றே சொல்லும் கல்லூரிச் சாலை பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்திலும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் பாடநூல் கழகம் விற்கிறது. சின்ன வகுப்புகளுக்கு ஆண்டைப் பருவம் பருவமாகப் பிரித்திருப்பதால் புத்தகம் மெலிதாக இருக்கும், ஐந்து வயதுக் கைக்கு அது முக்கியம். பாடத்தில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். நான் பையனோடு வகுத்தலில் இருக்கும்போது கடைக்குட்டிக்குப் பத்து நிமிடம் அது கைகொடுக்கிறது.

சமச்சீரில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே பாடம் தமிழ்வழியிலும் ஆங்கிலவழியிலும் இருப்பது. நீர் சுழற்சியை நான் தமிழ்ப் புத்தகத்திலிருந்து எல்லோருக்கும் வாசிப்பேன். பெரியவள் அதே பாடத்தை ஆங்கிலப் புத்தகத்தில் படித்து, 'ஆவியாதல்' என்ற இடத்தில் ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தம்பிக்குச் சொல்வாள். தனியாக ஒரு மொழிப் பாடம் வைத்தால்கூட இவ்வளவு நடக்காது.

என்சிஇஆர்டி புத்தகங்களும் 2023-இலிருந்து ஒவ்வொரு வகுப்பாக மாறி வருகின்றன. புதிய கணக்குப் புத்தகங்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. ஆறாம் வகுப்புக் கணக்கில் எண்களின் ஒழுங்குகளைத் தேட வைக்கும் முதல் பாடத்தை எங்கள் பெரியவள் அந்த வயதை இரண்டு வருடம் தாண்டியும் விரும்பிச் செய்தாள், பையன் பக்கத்தில் உட்கார்ந்து பாதியை அவனே கண்டுபிடித்தான். தமிழில் இவை எளிதில் கிடைப்பதில்லை. வீட்டில் ஆங்கிலம் சரளமாகப் புழங்கினால் பிரச்சினையில்லை. இல்லையென்றால், கணக்கைவிட மொழியை விளக்குவதில் நேரம் போய்விடும். அந்த நேரம் நம்மிடம் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் சமச்சீர் அடிப்படை, என்சிஇஆர்டி கணக்கு கூடுதல்.

ஒரே அறையில் பல வகுப்பு

புத்தகம் முடிவானாலும் காலை பத்து மணிக்கு மூன்று பேரும் ஒரே நேரத்தில் "அம்மா, இது வரலை" என்பார்கள். இதற்கு எனக்கு உதவியது நம் ஊர் மாநகராட்சிப் பள்ளிகளில் நடந்த ஒரு விஷயம்.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் முறை தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலியில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்க வேண்டிய கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையைப் பார்த்துவிட்டு வந்து இங்கே செய்தார்கள். 2007-இல் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு படச் சின்னமும் எண்ணும் கொடுத்து, சுவரில் ஒரு ஏணிப்படம் மாட்டியிருப்பார்கள். பிள்ளை ஏணியில் தான் நிற்கும் படியைப் பார்த்து, தன் அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொண்டு, அதற்குரிய குழுவில் போய் உட்காரும். ஆசிரியர் முழுதாக உதவும் குழு, பாதி உதவும் குழு, சக மாணவர் உதவும் குழு, தானே செய்யும் குழு, கடைசியில் மதிப்பீடு. ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்பட மாட்டார் என்பதுதான் இதன் உயிர்.

ஆசிரியர் என்ற இடத்தில் அம்மா என்று வைத்துப் பாருங்கள். எங்கள் சமையலறைக் கதவில் மூன்று ஏணிகள் ஒட்டியிருக்கின்றன. சட்டைப் பெட்டி அட்டையை வெட்டி, பையனின் கணக்கு அட்டைகளை நானே எழுதினேன். ஆமை படம் போட்டது புதுசு, நான் கூட இருக்க வேண்டும். அணில் போட்டது அக்காவிடம் கேட்கலாம். காக்கா போட்டது தனியாகச் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர் கையில் மட்டுமே ஆமை அட்டை இருக்கலாம் என்பது வீட்டு விதி. இந்த ஒரு விதியால் எங்கள் காலை நேரமே மாறிப்போனது. சமச்சீர்க் கணக்குப் புத்தகத்தின் ஒரு பருவத்தை அட்டையாக்க எனக்கு ஒரு வார இரவுகள் ஆனது. கடைக்குட்டிக்கு அந்த வேலையும் இல்லை. 2022-இல் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பயிற்சிப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். அவள் தமிழில் மொட்டு, கணக்கில் அரும்பு.

சாதனங்களைக் கையில் எடுத்துச் செய்து கற்கும் மாண்டிசோரி முறையும் கலந்த வயதுக்கென்றே இருப்பது. 3 முதல் 6, 6 முதல் 9, 9 முதல் 12 என்று மூன்று வருடப் பிள்ளைகள் ஒரே அறையில். அதை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்து பயிற்சி கொடுத்தவர், பிறகு கொடைக்கானலில் இருந்தபோதும் பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துத்தான் பார்த்தார். இன்றைக்குச் சென்னையில் அந்தப் பயிற்சி பெற்றவர்கள் நிறையப் பேர் இருப்பதற்கு அந்த வருகைக்குப் பங்குண்டு. வீட்டுக்கு முழுச் சாதனங்களும் வாங்குவது செலவு, வைக்க இடமும் வேண்டும். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் அது நடக்காது. நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: ஹார்ட்வேர் கடையில் உப்புத்தாள் வாங்கி, தமிழ் எழுத்துகளை வெட்டி ஒட்டிய அட்டைகள். கடைக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி 'ழ' என்று சொல்லும்போது, அவள் அந்த எழுத்தை விரலால்தான் கற்றுக்கொண்டாள் என்று புரிந்தது. கடைசிப் பிள்ளை ஆறு வயதுக்குள் இருந்தால் மாண்டிசோரி யோசனைகள் மிகப் பயன்படும். பன்னிரண்டு வயதுக்குப் பெரியவர்கள் உள்ள வீட்டில் அதை மட்டும் நம்ப முடியாது.

ஒரு செய்தித்தாள் கட்டம்

எல்லோரும் சேர்ந்து படிக்கும் பாடத்துக்குப் பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டாம் என்று நான் சொன்னபோது சித்தி மகள் நம்பவில்லை. அவளுக்குச் சொன்ன உதாரணம் இது.

மழைக்காலத்தில் தமிழ்ச் செய்தித்தாள்களில் சென்னை ஏரிகளின் நீர் இருப்பு வரும். எங்கள் மாமியார் அதைத்தான் முதலில் படிப்பார், 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் குடத்தோடு நின்றவர். ஒரு டிசம்பர் காலை செம்பரம்பாக்கத்தில் 2,916 மில்லியன் கனஅடி என்று போட்டிருந்தது. அதன் முழுக் கொள்ளளவு 3,645. கடைக்குட்டியின் வேலை, அந்தக் கட்டத்தில் 'ழ' எங்கெல்லாம் வருகிறது என்று தேடுவது. புழலில் ஒன்று, சோழவரத்தில் ஒன்று. பையன், ஏரி நிரம்ப இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கழித்தான். கடன் வாங்கும் இடத்தில் ஒரு தடவை தவறி, அழித்து, 729 என்று எழுதினான். பெரியவள் சதவீதம் போட உட்கார்ந்தவள், தம்பியின் விடையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, 729ன்னா மூணு ஒன்பதைப் பெருக்கினது. அஞ்சு 729 சேர்ந்தா 3,645. அப்போ அஞ்சுல ஒரு பங்குதான் காலி. எண்பது சதவீதம்." காகிதத்தில் வகுத்தல் எதுவும் இல்லை. பையன் ஒன்பதை ஒன்பதால் பெருக்கி, மறுபடி ஒன்பதால் பெருக்கி, சரிதான் என்று பார்த்துக்கொண்டான்.

அன்றைக்குப் பேச்சு அதோடு நிற்கவில்லை. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. தண்ணீர் 12 அடி இருந்தால் பாதி ஏரி நிரம்பியதாகுமா என்று பெரியவள் கேட்டாள். பையன் வாணலியையும் டம்ளரையும் எடுத்து வந்தான். டம்ளரில் பாதி உயரம் கிட்டத்தட்டப் பாதித் தண்ணீர். வாணலியில் பாதி உயரத்துக்கு ஊற்றி அளந்தால் பாதியைவிடக் குறைவு. ஏரி வாணலி மாதிரி என்று கடைக்குட்டி சொன்னாள். மூன்று வயதுக்கும் சேர்த்து இதைவிட நல்ல பாடத்தை நான் எந்தப் பெட்டியிலும் பார்க்கவில்லை.

இதுபோலத்தான் எழும்பூர் அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதி. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழைப் பையன் வாசிப்பான், பெரியவள் அதில் வந்ததை வைத்து அவனைக் கேள்வி கேட்பாள்.

தம்பி முந்தும்போது

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. போன வருடம் பெரியவள் தசம எண்களில் தடுமாறிக்கொண்டிருந்தபோது, எதிரில் இருந்த பையன் விடையைச் சொல்லிவிட்டான். அவன் காட்டிக்கொள்ளச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அவள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் கணக்கு என்றாலே கண்ணீர். புத்தகத்தின் அட்டையில் '7' என்றும் அவன் புத்தகத்தில் '4' என்றும் பெரிதாகப் போட்டிருந்தது அந்த வலியைக் கூட்டியது.

அன்று மாலையே எல்லாப் புத்தகத்துக்கும் பிரவுன் பேப்பர் அட்டை போட்டேன். லேபிளில் பெயரும் பாடமும் மட்டும், வகுப்பு எண் கிடையாது. கணக்கில் இருவரையும் ஒரே நேரத்தில் உட்கார வைப்பதையும் நிறுத்தினேன். அவளுக்கு ஒன்பதரைக்கு, அவனுக்குப் பதினொன்றுக்கு. பாடத்திட்டத்தை ஒப்பிடும்போது இதையும் பார்க்க வேண்டும். வகுப்பு எண்ணோடு இறுகக் கட்டிய பாடத்திட்டம் அக்கா தம்பியை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். அட்டை, ஏணி முறையில் ஒவ்வொரு பாடத்துக்கும் தனி ஏணி. தமிழ் வாசிப்பில் பெரியவள் தம்பிக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறாள், கணக்கில் பக்கத்துப் படியில். பிள்ளைகளால் இதை ஏற்றுக்கொள்ள முடிகிறது.

வயது வித்தியாசம் இரண்டு வருடத்துக்குள் என்றால் நான் வேறு மாதிரி சொல்வேன். இருவரையும் ஒரே வகுப்புப் புத்தகத்தில், கணக்கைத் தவிர, சேர்த்து உட்கார வைக்கலாம். ஒரு வருடம் மூத்தவரின் புத்தகம், அடுத்த வருடம் இளையவருடையது. அங்கே அட்டைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். நான்கு ஐந்து வருட வித்தியாசம் உள்ள வீட்டில்தான் அம்மாவின் நேரம் கிழிபடும்.

சித்தி மகளுக்குக் கடைசியில் சொன்னது இதுதான். பையனுக்கு இப்போதைக்குச் சமச்சீர் ஆறாம் வகுப்பு, ஆங்கிலவழியும் தமிழ்வழியும் பக்கத்தில் பக்கத்தில். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதட்டும், பதினான்கு நிறைந்ததும் என்ஐஓஎஸ். பெண்ணுக்கு எண்ணும் எழுத்தும் பயிற்சிப் புத்தகம், உப்புத்தாள் எழுத்து, மற்றபடி அண்ணனின் அறிவியலையும் கதையையும் அவளும் கேட்கட்டும். அவன் கணக்குக்கு ஆமை, அணில், காக்கா அட்டைகள். முதல் பருவத்துக்கு என்னுடையதை நகலெடுத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை இருவரும் டிபிஐ வளாகத்துக்குப் போகிறோம். பையனையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது கணக்குப் புத்தகங்களை அவன் கையில் கொடுத்துப் புரட்டச் சொல்லலாம். வேகமாகப் புரட்டிக்கொண்டு போகிற கை எந்தப் பக்கத்தில் தயங்குகிறது என்று பார்த்துவிட்டு, அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வருவோம்.